இரண்டாம் ஷெட்டின் மஞ்சள்

நவம்பர் 4, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில், இரண்டாம் ஷெட்டின் கிழக்கு முனையில், என் வீட்டுக்காரர் அர்த்தநாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். திங்கட்கிழமை எடுத்தோம். இன்று காலை முட்டை வண்டி எப்போதும்போலக் கிளம்பியது.

வண்டியை அனுப்பியதற்கு உறவுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். பேசட்டும். கோழிக்குத் துக்கம் தெரியாது. இன்றைக்கும் முட்டை போடும், நாளைக்கும் போடும். சுகன்யாவைப் பெற்ற மறுமாதமே மொபெட்டில் முட்டை அட்டை கட்டி ராசிபுரம் கடைகளுக்குப் போட்டவள் நான். அன்றைக்கும் இப்படித்தான் பேசினார்கள்.

மாரப்பன்தான் கத்திக்கொண்டு ஓடிவந்தான். பண்ணையில் பத்து வருடமாக இருக்கிற ஆள். நான் போய்ச் சேர்வதற்குள் இவருக்கு மூச்சு அடங்கிவிட்டது. சட்டையெல்லாம் செண்டுமல்லி இதழ். தீனியில் பூவைக் கலப்பது அவர் வேலை, அதனால் அதில் ஒன்றுமில்லை. தலைக்குக் கீழே ஒரு சாக்கு மடித்து வைத்திருந்தது. நீ வைத்தாயா என்று மாரப்பனைக் கேட்டேன். "நான் வெக்கிலீங்க்கா" என்றான். பதற்றத்தில் வைத்துவிட்டு மறந்திருப்பான்.

எடுக்கிற நேரத்தில் கிழக்கு வேலியோரம் ஒரு பொம்பளை நின்றாளாம். சுகன்யா சொன்னாள். கூலிக்குப் பூப்பறிக்க வந்தவளாக இருக்கும்.

இந்த டைரி தீவனக் கம்பெனி கொடுத்தது, அட்டையில் தங்காயி என்று என் பேர் போட்டு. ரேட் குறிப்பதோடு சரி, வேறு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் குறுக்கே பேசாமல் நான் சொல்வதைக் கேட்ட ஆள் இந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

நவம்பர் 6, வியாழன்

வியாபாரம் எங்கே நிற்கிறது என்று எனக்கே ஒரு தெளிவு வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நம்மிடம் இரண்டு ஷெட். வீட்டைப் பார்த்தாற்போல இருக்கிற பெரியது முதல் ஷெட். கிழக்கு வேலியோரம் இருக்கிற சிறியது இரண்டாவது. நாமக்கல் சுற்று வட்டாரத்தில் லட்சக் கணக்கில் கோழி வைத்திருக்கிறவர்கள் நடுவில் நாம் கொசு. கார்த்திகை பிறந்தால் ஊரெல்லாம் மாலை போட்டுக்கொள்ளும், முட்டையை யாரும் சீந்த மாட்டார்கள். பெரியவர்கள் தாங்குவார்கள். நாம் தாங்கியது திருச்சூர் தங்கச்சனால்.

தங்கச்சன் அங்கே பேக்கரிகளுக்கு முட்டை கொடுக்கிறவர். கிறிஸ்துமஸ் கேக்குக்கு அவருக்கு மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சாக இருக்க வேண்டும். பெயிண்டுக் கடையில் வைத்திருப்பார்களே, அதுமாதிரி ஒரு வண்ண விசிறி கொடுத்திருக்கிறார். ஒன்று வெளிறியது, பதினைந்து செக்கச் சிவந்தது. அவருக்குப் பன்னிரண்டு வேண்டும். கம்பெனி சாயப் பொடி கூடவே கூடாது, பூவிலிருந்தே வர வேண்டும், டப்பாவில் அப்படித்தான் அச்சடிக்கிறாராம். டிசம்பர் ஐந்தாம் தேதி முதல் வண்டி. இரண்டு ஷெட்டும் ஒரே நிறம்.

இந்த ஆர்டர் போனால் கோழிகளைக் கழிவுக்கு விற்றுவிட்டு ஷெட்டைப் பூட்டி, ஓசூரில் சுகன்யா வீட்டுக் கூடத்தில் டிவி பார்க்க வேண்டியதுதான். அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வாங்குவதும் விற்பதும் நான். தீனி அவர். பூவை அவர் எங்கே வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. சரக்கு நன்றாக வந்தது, அதற்குமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது.

நவம்பர் 7, வெள்ளி

பூ மூட்டையின் அடி தெரிந்துவிட்டது. இன்றோடு இரண்டு ஷெட்டுக்கும் தீர்ந்தது.

பூச்சந்தைக்குப் போன் போட்டேன். பச்சைப் பூ விலையே ஏறிக் கிடக்கிறது. பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும். கட்டவே கட்டாது.

சுகன்யா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா யாருகிட்ட வாங்குனாரோ அவங்ககிட்டயே கேளும்மா."

"யாருன்னு தெரியாது."

"அப்பா போன்ல பாத்தா தெரிஞ்சுரப் போகுது."

"போன்ல சார்ஜ் இல்ல" என்றேன். சார்ஜ் இருந்தது.

நவம்பர் 8, சனி

வரமிளகாய்ப் பொடி வாங்கினேன். கோழிக்குக் காரம் தெரியாது, நிறம் மட்டும் கருவில் ஏறும். பக்கத்துப் பண்ணைக்காரரும் நல்லதுதான் என்றார். முதலில் முதல் ஷெட்டுக்கு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதற்கு ஒன்றும் வேண்டாம், வெறும் தீனி. எது எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எதையும் பாதி வைத்துத்தான் ஆட வேண்டும்.

நவம்பர் 12, புதன்

தீனியில் போடுவது கருவில் தெரிய ஒரு பத்து நாள் ஆகும். கரு ஒரே நாளில் உருவாவதில்லை. நாள் நாளாகப் பூசிப் பூசி வளர்கிறது. இன்றைக்கு முட்டையை உடைத்தால் உள்ளே இருப்பது இன்றைய தீனி இல்லை, போன வாரத்துத் தீனி.

காலையில் இரண்டாம் ஷெட்டு முட்டை ஒன்றை வேகவைத்து உரித்தேன். குறுக்கே அறுத்தபோது கரு தங்கம்போல இருந்தது. உப்பும் மிளகும் போட்டுக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. இது அவர் கையால் போட்ட தீனி. இதோடு சரி. இனிமேல் வரும் முட்டையில் அவர் இருக்க மாட்டார்.

சாப்பிட்டேன். வீணாக்குவதற்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டாம் ஷெட் வெளிறத் தொடங்கியிருக்க வேண்டும். வெளிறவில்லை.

வெள்ளைத் தட்டில் மூன்று முட்டைகளை உடைத்து ஊற்றி விசிறியை வைத்துப் பார்த்தேன். மூன்றும் பன்னிரண்டு. ஒன்று பதிமூன்றைத் தொட்டது. நான் பூப் போடுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது.

மத்தியானம் இரண்டாம் ஷெட்டுப் பக்கம் போனபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த இதழை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து நொறுக்குகிற சத்தம். அவர் அப்படித்தான் நொறுக்குவார், சருகு மிதிபடுவதுபோலக் கேட்கும். சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே போனேன். ஆள் இல்லை. ஆனால் கோழி ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. அத்தனையும் கூண்டுக் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டிக் கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஆயிரக் கணக்கான தலை ஒரே பக்கம் திரும்பியிருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

தீவனத் தொட்டியில் ஓர் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. பழையதாக இருக்கும்.

நவம்பர் 15, சனி

மாரப்பனைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"ரெண்டாம் ஷெட்டுக்கு என்னடா போடற?"

"நீங்க சொன்னதுதானுங்க்கா. வெறும் தீனி."

"அப்புறம் எப்படிக் கரு இப்படி இருக்குது?"

தலையைச் சொறிந்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "அண்ணன் வந்துட்டுப் போறாருன்னு நெனைக்கறனுங்க்கா."

"எந்த அண்ணன்?"

"நம்ம அண்ணன்தானுங்க. உச்சிக்கு. கோழியெல்லாம் திரும்பிப் பாக்குது பாருங்க. பதினாறு முடியறவரைக்கும் வீட்டச் சுத்திதான இருப்பாங்க."

"செத்த மனுசன் உனக்குச் சம்பளமில்லாம வேலை பாக்கறாராக்கும்" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்காமல் நிமிர்த்தே வைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நவம்பர் 17, திங்கள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கார்த்திகையும் பிறந்துவிட்டது.

சாயங்காலம் சுகன்யா ஓசூர் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"அம்மா, அப்பா சனிக்கிழமை ஆனா எங்க போவாருன்னு ஒருநாள்கூட நீ கேட்டதில்லையா?"

"தீனிக்குக் கம்பு வாங்க."

"சனிக்கிழமை எந்தக் கடையில கம்பு? ஒரு பில்லாவது பாத்திருக்கியா?"

"எல்லாத்துக்கும் பில்லுக் கேட்டா யாவாரம் நடக்காது."

அவள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண் அப்படியே அவரைப் போல.

"உனக்குத் தெரியும்மா" என்றாள்.

ரசம் ஊற்றினேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது, பஸ்ஸை விட்டுவிடாதே என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

முதல் ஷெட்டு முட்டையை உடைத்தவுடன் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். கரு மஞ்சளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. ரோஸ். கழுவின புண்ணுக்கு அடியில் தெரியுமே, அந்த நிறம்.

தப்பு என்னுடையது. மக்காச்சோளம் விலை ஏறிவிட்டது என்று போன மாதம் நான்தான் பாதிக்குமேல் குறைத்து அரிசிக் குருணை சேர்க்கச் சொன்னேன். மஞ்சள் அடியில் இருந்தால்தான் மிளகாய்ச் சிவப்பு ஏறி ஆரஞ்சு ஆகும். வெள்ளைச் சுவரில் சிவப்பு அடித்தால் ரோஸ்தான் வரும். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். சோளம் குறைந்ததை அவர் பூவை வைத்துச் சரிக்கட்டியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பூ ஏது என்று நான் கேட்டிருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ.

மிளகாயை நிறுத்தினேன்.

நவம்பர் 19, புதன்

தங்கச்சன் வந்தார். துக்கம் விசாரித்தார், காப்பி குடித்தார், விசிறியை எடுத்தார்.

முதல் ஷெட்டு முட்டையை உடைத்ததும் மூக்கைச் சுருக்கினார். "சேச்சி, இது எந்தாணு? இத வெச்சுக் கேக்கு செஞ்சா சர்ச்சுல ஃபாதர் என்னை உள்ள விடமாட்டார்."

"மிளகாய் கொஞ்சம் கூடிப்போச்சு. மாத்தியாச்சு."

இரண்டாம் ஷெட்டு முட்டையை உடைத்தார். விசிறியைக்கூடப் பக்கத்தில் வைக்கவில்லை. தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது அண்ணனோட முட்டை" என்றார். "ஆளு போயாச்சுன்னு யாரு சொன்னது?"

முட்டை ஓட்டைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

ஐந்தாம் தேதிக்குள் முதல் ஷெட்டும் இதே நிறத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு பண்ணை பார்ப்பதாகச் சொன்னார். நல்ல மனுஷன்தான், ஆனால் வியாபாரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவர் போன பிறகு யோசித்தேன். பேயோ பிசாசோ, எவரிடம் பூ இருக்கிறதோ அவரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

மத்தியானம் ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு இரண்டாம் ஷெட்டின் கிழக்கு முனையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் விழுந்த இடத்துக்கு இரண்டு எட்டுத் தள்ளி. வெயில் சரியாகக் கூரை உச்சியில் நின்றது. கோழிகள் ஒவ்வொன்றாகச் சத்தத்தை நிறுத்தின. கழுத்துகள் திரும்பின. என் பின்கழுத்து மயிர் நட்டுக்கொண்டதை ஒத்துக்கொள்கிறேன்.

வேலிக் கம்பி அசைந்தது. கிலுகிலுவென்று ஒரு சின்னச் சத்தம். ஒரு பொம்பளை குனிந்து உள்ளே வந்தாள். நாற்பத்தைந்து இருக்கும். கறுத்த, ஒடிசலான உடம்பு, தோளில் துணிப்பை, விரல் நுனியெல்லாம் மஞ்சள். என்னைப் பார்த்ததும் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

யார் நீ என்று நான் கேட்கவில்லை.

"பேயின்னு நெனச்சேன். பேய்க்குக் கொலுசு எதுக்கு?" என்றேன்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"காம்பு கிள்ளிட்டா காய வெக்கற?"

"கிள்ளித்தானுங்க" என்றாள். "காம்பு இருந்தா கோழி ஒதுக்கிருமுங்க."

"வெயில்லயா, நெழல்லயா?"

"நெழல்ல. வெயில் பட்டா நெறம் வெளுத்துருமுன்னு அவரு..." நிறுத்திக்கொண்டாள்.

"பதிமூணு தொடுது. எதுக்கு இவ்வளவு போடற?"

"ரெண்டு ஷெட்டுப் பூவும் இதுக்கே போடறனுங்க. அந்த ஷெட்டு வூட்டப் பாத்து இருக்குது. அங்க வர முடியாதுங்களே."

"யாரு போடச் சொன்னது? அவருதான் இல்லியே."

"யாரும் சொல்லிலீங்க. செடி பூக்குது. பறிக்காம வுட்டா பூக்கறத நிறுத்திரும். பறிச்சத என்ன பண்றதுங்க? சந்தைக்குப் போடக் கை வரல. எப்பவும் இந்நேரத்துக்கு இங்க கொண்டாந்து குடுத்துத்தான் பழக்கம்."

அவள் பேர் கமலவேணி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கர், புருஷன் விட்டுப்போன நிலம். இதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

"அன்னிக்கு நீதான் இருந்தியா?"

"ஆமாங்க."

"சாக்கு மடிச்சு வெச்சது?"

"நான்தானுங்க. மாரப்பனக் கூப்புட்டு வுட்டுட்டுப் போயிட்டேன். நான் இங்க நிக்கக் கூடாதில்லீங்களா."

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டாருங்க. கோழித் தண்ணிக் குழாய்ல புடிச்சுக் கைல ஊத்துனேன். ரெண்டு வாய் குடிச்சாரு."

இதைக் கேட்கக் கூடாது என்று இருந்தேன். கேட்டுவிட்டேன். "என்னமாச்சும் சொன்னாரா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். "'மூணாம் வரிசைல குழாய் ஒழுகுது, தங்காயிகிட்டச் சொல்லிரு'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லிலீங்க."

கோழிகள் இன்னும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"இத்தன நாளா எனக்குச் சொன்ன சேதிய உம்மடியில வெச்சிருந்தியா?"

"எப்படிங்க வந்து சொல்றது? சொன்னா, நீ எங்கடி இருந்தேன்னு கேப்பீங்க."

முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவள் நான். சாகிறபோது பேசின பேச்சு என்னைப் பற்றி. கேட்டது அவள். பாதி என்னிடம், பாதி அவளிடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், ஒரு சரக்கை இரண்டு பேருக்குப் பேசி முடித்த தரகன் மாதிரி. எனக்கு அவள்மேல் கோபமா, அவர்மேலா, குழாய்மேலா என்று தெரியவில்லை.

"போ. இனிமே இந்த வேலியத் தாண்டாத."

"பூவ மட்டும் போட்டுட்டு..."

"எடுத்துட்டுப் போ."

போனாள். பேயாகவே இருந்திருக்கலாம். பேயை விரட்டினால் மனசு இப்படி இருக்காது.

நவம்பர் 21, வெள்ளி

மூன்றாம் வரிசையில் போய்ப் பார்த்தேன். ஒழுகுகிறது. அடியில் எச்சமெல்லாம் ஈரமாகிப் புழு வைத்திருக்கிறது. மாரப்பனைத் திட்டினேன். வாஷர் நானே மாற்றினேன்.

நவம்பர் 22, சனி

உச்சிக்கு இரண்டாம் ஷெட்டுக்குப் போனேன். கோழிகள் கிழக்கே திரும்பின. யாரும் வரவில்லை. வாய்க்கால்பக்கம் ஒரு காற்றுகூட இல்லை. நான் போய்க் கிழக்கு முனையில் நின்றேன். அத்தனை கண்ணும் என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டிப் பார்த்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. அவர் செத்த அன்றைக்குக்கூட ஷெட் இவ்வளவு காலியாக இருந்ததில்லை.

மாரப்பன் வாசலில் நின்றிருந்தான்.

"உனக்கு ஆரம்பத்துலயே தெரியும்."

"தெரியுமுங்க்கா."

"அப்புறம் எதுக்குடா அண்ணன் வர்றாருன்னு சொன்ன?"

"அந்தக்கா வருதுன்னு சொன்னா நீங்க நிறுத்திருவீங்க. அண்ணன் வர்றாருன்னா நிறுத்த மாட்டீங்கன்னு நெனச்சனுங்க."

இவனுக்குச் சம்பளம் கூட்ட வேண்டும், அல்லது வேலையை விட்டு நிறுத்த வேண்டும். இரண்டில் எது என்று முடிவு செய்யவில்லை.

இன்னும் ஒரு வாரத்தில் இந்த ஷெட்டும் வெளிறத் தொடங்கும். அதோடு ஆர்டர் போகும். அது ஒரு கணக்கு. இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன். அந்த மஞ்சள் போய்விட்டால், அவர் உண்மையாகவே போய்விடுவார்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் வாய்க்காலைத் தாண்டினேன். இந்தப் பண்ணை போட்டதிலிருந்து நான் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. வழி எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வயல் முழுக்கப் பூ. பறிக்காமல் விட்டதில் ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. தகரக் கூரை போட்ட சின்ன வீடு. வாசல் கொடியில் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நான் எடுத்துக் கொடுத்த லுங்கி. எங்கேயோ தொலைத்துவிட்டு வந்தார் என்று இரண்டு நாள் வைதேன். ஆள் இல்லாத லுங்கியை இன்னும் துவைத்துக் காயப்போடுகிறாள்.

வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் முதலில் லுங்கியைத்தான் எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும், விடு. ஈரமா இருக்குது" என்றேன்.

கட்டிலைக் காட்டினாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேரம் நடக்காது.

"எதுக்குப் பூவப் பறிக்காம வுட்ட?"

"எங்க கொண்டு போயிப் போடறதுங்க?"

"எனக்கு வேணும். ரெண்டு ஷெட்டுக்கும். கிலோ என்ன வெல?"

"காசு வேண்டாமுங்க."

"சும்மா வர்ற சரக்க நான் வாங்கறதில்ல. இன்னிக்குச் சும்மா குடுப்ப. நாளைக்கு நிறுத்துனா எந்த வாயில கேக்கறது? அவருக்கு என்ன வெலைக்குக் குடுத்த?"

"அவருகிட்ட நான் காசு வாங்குனதில்லீங்க."

"அதனாலதான் என்கிட்டச் சொல்லாம இருக்க முடிஞ்சுது அவரால. வெலை இருந்திருந்தா என் காதுக்கு வந்திருக்கும். நீ வெலையச் சொல்லு."

பழுப்பேறின பூ ஒன்றைக் கிள்ளிக் கீழே போட்டாள். பிறகு, "ஐந்நூறுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் செத்த பிறகு முதல் தடவை. "நல்லாத்தான் சொல்ற. முந்நூத்தம்பது."

"பச்சைப் பூவ இப்பச் சந்தைக்குக் கொண்டு போனாலே அதவிட வருமுங்க."

"அப்பச் சந்தைக்கே கொண்டு போ."

"கை வரலைன்னு சொன்னனுங்களே" என்றாள். கெஞ்சுகிற குரல் இல்லை. எனக்கு அவளைப் பிடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

வெயில் ஏறுகிறவரை பேசினோம். கடைசியில், "ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க" என்றாள். முதல் ஷெட்டுக்கு மாரப்பன் போடட்டும், இரண்டாம் ஷெட்டுக்கு எப்போதும்போல அவளே வந்து தன் கையால் போட வேண்டும். உச்சிக்கு. அந்த நேரத்துக்குக் கோழிகள் பார்த்துக்கொண்டிருக்கும் என்றாள்.

கோழிக்காகவா என்று நான் கேட்கவில்லை. ஷெட் என்னுடையது, அவர் என் புருஷன், விழுந்த இடம் என் மண். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நேற்று என்னைத் தாண்டிப் போன அந்தக் கண்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

"தெனமும் எவ்வளவு நேரம் வேணும்?"

"அரைமணி நேரமுங்க."

திரும்பி வந்து, பேசி முடித்ததை மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

காம்பு கிள்ளி, நிழலில் காயவைத்த இதழ். ஈரம் இருந்தால் திருப்பி அனுப்புவேன். எடை என் தராசில், அவள் கண் முன்னால். நாளையிலிருந்து தொடக்கம், தை பிறந்ததும் விலையை மறுபடி பேசுவது. வேலியில் நுழைந்து வரக் கூடாது, முன்வாசல் வழியாக வர வேண்டும். உச்சியில் அரைமணி நேரம் இரண்டாம் ஷெட் அவளுடையது. அந்த நேரத்தில் நானும் போக மாட்டேன், மாரப்பனும் போக மாட்டான். கிலோ நானூற்று இருபது, அன்றன்றைக்கே ரொக்கம்.